உங்களுக்குத் தெரியுமா? உரக்கடை உப்பிலிருந்து உலோகம்

துத்தநாக ஆலையின் மின்பகுப்புத் தொட்டியில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாத அளவு ஆன்டிமனியோ ஜெர்மானியமோ கலந்தால் போதும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தகட்டில் படிந்த துத்தநாகம் மறுபடி கரையத் தொடங்கிவிடும்!

● அமிலக் கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் முதலில் ஹைட்ரஜன்தான் வெளிவர வேண்டும். ஆனால் துத்தநாகப் பரப்பில் அந்த வாயு எளிதில் உருவாவதில்லை. உலகின் பெரும்பாலான துத்தநாகம் இந்த ஒரு தயக்கத்தை நம்பியே தயாராகிறது. மாசு சேர்ந்தால் ஹைட்ரஜன் முந்திக்கொள்ளும். அதனால் கரைசலில் துத்தநாகத் தூளைப் போட்டு மாசு நீக்குகிறார்கள். ஆலையில் மிகுந்த கவனம் கேட்கும் வேலை இதுதான்.

● தொட்டியில் இருப்பது என்ன? கந்தக அமிலத்தோடு, நம் கீரமங்கலத்து விவசாயிகள் நன்கறிந்த சிங்க் சல்பேட், அதாவது துத்தநாக சல்பேட்! நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ இடச் சொல்கிறார்களே, அதே உப்பு.

● துத்தநாகம் படிவது அலுமினியத் தகட்டில். ஓரிரு நாளுக்கொரு முறை படிந்ததை உரித்தெடுத்து உருக்குவார்கள்.

● ஒரு டன் துத்தநாகத்துக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும்.

● ராஜஸ்தானின் தெபாரியில் இந்துஸ்தான் சிங்க் ஆலை 1968-இல் உற்பத்தியைத் தொடங்கியது.

● இப்படி மின்சாரத்தால் நடக்கும் வேதிவினைகளை ஆராயும் மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து வரவழைத்தது. திறப்பு: 1953 ஜனவரி 14, பொங்கல் நாள்.