தென்னை மரத்து வெள்ளைத் திட்டும் புற்றுநோய் மருந்தும்

காரைக்கால் பகுதியில் நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு பக்கத் தோப்புகளில் வயதான தென்னை, மா மரங்களைக் கவனித்திருப்பீர்கள். அடிமரத்தில் தேமல் படர்ந்தது போல வெள்ளையும் சாம்பல் பச்சையுமாகத் திட்டுகள் காணப்படும். இதைக் கண்டு, மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று மருந்து தெளிக்க ஓடுபவர்கள் உண்டு. அண்மைக் காலமாக இன்னொரு பேச்சும் அடிபடுகிறது: "இந்தப் பாசியில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறதாம்!" இவ்விரண்டில் எது மெய், எது பொய் என்பதை விவசாய அன்பர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

நோய் அல்ல

இந்தத் திட்டின் பெயர் லைக்கன். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடும் கல்பாசி இதன் இனமே. அது மலைப் பகுதிகளிலிருந்து வருகிறது. லைக்கன் என்பது தனி ஓர் உயிர் அல்ல. ஒரு பூஞ்சணமும் ஒரு பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பூஞ்சணம் இருக்க இடமும் ஈரமும் தருகிறது. மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. பட்டை இவற்றுக்கு வெறும் திண்ணை.

மெலிந்த மரத்தில் இவை அதிகம் தெரிவது உண்மை. இலை குறைந்து வெயில் உள்ளே விழுவதால் பாசி செழிக்கிறது. எனவே பட்டையைச் செதுக்காமல், உரம், வடிகால், வேர் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆனால் தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால் அது வேறு சங்கதி. 1952 புயலுக்குப் பின் நம் டெல்டாவில் கண்டறியப்பட்ட தஞ்சாவூர் வாடல் நோயாக அது இருக்கலாம். உடனே வேளாண் அலுவலரிடமோ நெடுங்காட்டை அடுத்த வேளாண் கல்லூரியிலோ காட்ட வேண்டும்.

ஆராய்ச்சியில் என்ன கண்டார்கள்?

லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். நகராமல் ஒரே இடத்தில் பல்லாண்டு கிடக்கும் அது, கிருமிகளிடமிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளப் பலவகை அமிலங்களைச் சுரக்கிறது. இவ்வாறு லைக்கன்களில் கண்டறியப்பட்ட பொருள்கள் ஆயிரத்துக்கு மேல். பள்ளிக்கூடத்தில் பார்த்த லிட்மஸ் தாளின் சாயமும் ரோசெல்லா என்ற லைக்கன் இனத்திலிருந்து வந்ததுதான். அந்த இனத்தில் ஒன்றான ரோசெல்லா மாண்டேனியை நம் கிழக்குக் கடற்கரை மரங்களில் காணப்படுவது. அதற்குப் பெயரிட்டவர், பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரித் தாவரத் தோட்டத்தைக் கவனித்த பெலாஞ்சே என்ற தாவரவியலார்.

லைக்கன் பொருள்களில் பெயர் பெற்றது யூஸ்னிக் அமிலம். 1844-இல் இது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1975-இல் அமெரிக்க ஆய்வாளர் குப்சானும் அவர் துணைவரும், எலிகளின் நுரையீரல் புற்றுக்கட்டியை இது ஓரளவு தடுப்பதாக எழுதினர். 2017-இல் இந்திய ஆய்வாளர்கள், மேலே சொன்ன ரோசெல்லாவிலிருந்து புற்றுச் செல்களைத் தாக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டினர். இதிலிருந்துதான் அந்தப் பேச்சு கிளம்புகிறது.

ஆனால் சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வது வேறு, நோயாளியைப் பிழைக்க வைப்பது வேறு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் சோதனைக் குழாயில் புற்றுச் செல்லைக் கொல்லக்கூடும். அதற்காக அதைக் குடிப்போமா? யூஸ்னிக் அமிலம் கலந்த மெலிவு மாத்திரைகளைத் தின்ற சிலருக்கு ஈரல் கெட்டுப் போனது. 2001 நவம்பரில் அமெரிக்க அரசே எச்சரிக்கை விடுத்தது. லைக்கனிலிருந்து எடுத்துப் புற்றுநோய்க்கென அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

நித்தியகல்யாணி சொல்லும் பாடம்

செடியிலிருந்து புற்றுநோய் மருந்தே வராதா என்றால், வரும். நம் வாசலிலும் கடலோர மணலிலும் தானாகப் பூக்கும் நித்தியகல்யாணியே சாட்சி. கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று இதன் இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, விலங்குகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்து தேடி 1958-இல் வின்பிளாஸ்டினைக் கண்டார்கள். பின்னர் வந்த வின்கிறிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் இடம் பெறுகிறது.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. அதை ஆலையில் பிரித்து, அளந்து, ரத்தக்குழாயில் மருத்துவர் ஏற்றுகிறார். அளவு தவறினால் நரம்பு பாதிக்கும். அதே இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் மருந்தாகாது, நஞ்சாகும். இத்தனை ஆராய்ந்த செடிக்கே இந்த நிலை என்றால், ஆராய்ச்சி முடியாத மரப்பாசியின் கதி என்ன?

இந்தச் செடி தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் சாகுபடியாகி இலையும் வேரும் ஏற்றுமதியானதும் உண்டு. நீர் தேங்கினால் தாங்காது. ஆகவே நம் நெல் வயலுக்கு ஏற்றதல்ல. மேட்டு மணல் நிலத்தில், வாங்குபவரை முதலில் உறுதி செய்துகொண்ட பிறகே விதைக்கலாம். லைக்கனைப் பயிரிட்டுப் பணம் பண்ணலாம் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மில்லிமீட்டர் கணக்கில் வளர்வதை மூட்டைக் கணக்கில் விற்க முடியாது.

செய்ய வேண்டியது

வீட்டில் ஒருவருக்குக் கட்டி என்று தெரிந்ததும், கஷாயம் சொல்ல நாலு பேர் வருவார்கள். சமையலுக்குச் சிட்டிகையளவு போடும் கல்பாசியைப் பற்றிக் கவலை இல்லை. அதையே கைப்பிடி கைப்பிடியாகக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய நஷ்டம், அப்படிக் கழியும் மாதங்கள். பருவம் தவறி விதைத்தவன் பட்ட பாடு நமக்குத் தெரியும். புற்றுநோய்க்கும் பருவம் உண்டு. ஆறாத புண், மார்பில் கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு, இளைப்பு கண்டால் தாமதியாமல் காரைக்கால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும், சென்னை அடையாற்றில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையமும் இருக்கின்றன.

மரத்துப் பாசி மரத்திலேயே இருக்கட்டும். அது மரத்தைக் கெடுப்பதில்லை. நாளை ஆராய்ச்சி கனிந்து மருந்தாக வந்தால், அது மருத்துவர் கையால் நமக்கு வரட்டும்.