தீனி தின்னாத மீனுக்கு உயிர் உணவு



வில்லியனூர், பாகூர் பக்கம் குழுக் கடனில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் நம்மிடம் கேட்பது: "தீனி போட்டாலும் மீன் தின்னமாட்டேங்குதே, என்ன செய்யறது?"

சில மீன்களுக்கு அசைவதுதான் இரை. சில நன்னீர் மீன்களின் குஞ்சும் சரி, கடல்நீர்த் தொட்டியில் வளரும் கோமாளி மீன் குஞ்சும் சரி, காய்ந்த தீனியைச் சீண்டாது. பட்டினியால் செத்தால் கடன்தான் மிஞ்சும். இதற்கு ஏற்ற உயிர் உணவு ஆர்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில் காணப்படும், இறாலுக்கு உறவான சிற்றுயிர் இது. இதன் காய்ந்த முட்டை டப்பாவில் கிடைக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் அயோடின் கலக்காத கல் உப்பைக் கரைத்து, 1 கிராம் முட்டை போடுங்கள். ஏர் பம்பு ஓடட்டும், விளக்கு எரியட்டும். 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பம்பை நிறுத்தினால் வெற்று ஓடு மேலே மிதக்கும். அடியில் வெளிச்சம் காட்டினால் குஞ்சுகள் அங்கே கூடும். சின்ன டியூப் வைத்து அவற்றை மட்டும் இழுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு போனால் குஞ்சு மீனுக்கு வயிறு அடைக்கும்.

முக்கியமா ஒண்ணு: பொரிந்த ஆர்டீமியா தன் உடம்பில் உள்ள கருச்சத்தில்தான் வாழும். ஒரு நாள் போனால் சத்து குறைந்துவிடும். மீனுக்கு வயிறு நிறையும், வளர்ச்சி குறையும். அதனால் இரண்டு பாட்டில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் பொரிக்கவிடுங்கள். தினமும் புதுசு கிடைக்கும்.

நன்னீரில் ஆர்டீமியா சில மணி நேரமே உயிரோடு இருக்கும். மிச்சம் செத்து தண்ணியைக் கெடுக்கும். தின்று தீர்க்கும் அளவே போடுங்கள். மீன் தேறியதும் காய்ந்த தீனியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். முட்டைச் செலவு குறையும்.