நகர் நடுவே ஒரு கானகம்

காடு என்ற அளவில் மேற்கு மலைத்தொடரின் ஓங்கிய சோலைகளும் யானை திரியும் வனாந்தரங்களுமே நம்மவர் உள்ளத்தில் தோன்றும். சென்னை மாநகரத்தின் உள்ளேயே, மோட்டார் வண்டிகள் இடையறாது ஓடும் சர்தார் பட்டேல் சாலையின் மதிலுக்கு அப்பால், மான் கூட்டங்கள் மேய்கின்ற காடொன்று உளதென்பதை அந்நகர வாசிகளுள்ளும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவே கிண்டித் தேசியப் பூங்கா. இதன் பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர், அஃதாவது சற்றொப்ப 670 ஏக்கர். இந்திய நாட்டின் தேசியப் பூங்காக்களுள் மிகச் சிறியவற்றுள் இஃது ஒன்று. பெருநகரின் நடுவே அமைந்த மிகச் சிலவற்றுள்ளும் ஒன்று. பூங்கா என்னும் பெயர் கேட்டு, பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய மலர்த்தோட்டமென எவரும் மயங்க வேண்டா. இங்குள்ளவற்றுட் பெரும்பகுதி எவரும் நடாது தானே முளைத்து வளர்ந்தது. இக்காட்டின் இயல்பையும், வழிகாட்டியொருவருடன் இதனுள் நடந்து யாம் கற்றறிந்தவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் இதன் வரலாறு அறியத்தக்கது. முன்னாளில் இது வேட்டைக்குரிய காடாக இருந்தது. 1821-ஆம் ஆண்டில் அரசினர் இதனைத் தனியார் ஒருவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கினர். 1910-இல் இது காப்புக்காடாக்கப் பெற்றது. தொடக்கத்தில் இதன் பரப்பு 505 ஹெக்டேர். 1958-ஆம் ஆண்டு முதலாக இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும், பிற கல்வி நிலையங்களுக்கும், பெரியோர் நினைவாலயங்களுக்கும் இதன் பகுதிகள் ஒவ்வொன்றாகப் பிரித்தளிக்கப்பட்டன. 1978-இல் தேசியப் பூங்கா என்னும் பெயர் பெற்ற காலத்தில், எஞ்சியது பழம்பரப்பில் பாதியினும் சிறிதே மிகுதி.

காட்டின் ஓரத்திலுள்ள சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பொதுமக்கட்கு உரியவை. உட்பகுதியோ விரும்பியவாறு நுழைதற்குரியதன்று. முன்னிசைவு பெற்றுத் துணையுடன் செல்லல் வேண்டும். அவ்வாறே இசைவு பெற்று, தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், விலங்கியலாசிரியர் ஒருவரும் மாணாக்கர் பன்னிருவருமாக யாம் சென்றோம். வழிகாட்டியவர் அக்காட்டிற் பல்லாண்டு பணிபுரிந்த முதிய வனக்காவலர். அவர் எங்கட்கு விதித்தவை மூன்று: வரிசை பிறழாது நடத்தல், உரத்துப் பேசாதிருத்தல், உண்பொருள் ஒன்றும் உடன் கொண்டு வாராதிருத்தல். மூன்றாவதன் காரணத்தை வினவினோம். மாந்தர் பிளாஸ்டிக் பைகளில் இட்டெறியும் உணவைப் பையோடு விழுங்கி, குடலடைத்து மாண்ட மான்கள் உண்டு என்றார்.

வானளாவிய மரங்களை எதிர்பார்த்துச் சென்ற எங்களுள் சிலர்க்கு முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. எம்மருங்கும் ஆளுயரத்தினும் சிறிது மிக்க புதர்களும், முட்செடிகளும், அவற்றைப் பின்னிப் படர்ந்த கொடிகளுமே தோன்றின. இடையிடையே ஆலும் வேம்பும் விளாவும் தலைநிமிர்ந்து நின்றன. இவ்வகைக் காட்டை அறிவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். இது சோழமண்டலக் கரையோரத்திற்குச் சிறப்பாக உரியது. உலர்தலும் பசுமை மாறாமையும் தம்முள் முரணாகாவோ எனின், ஆகா. இக்கரையிற் பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதலாய சில மாதங்களிலேயே பெய்து தீரும். ஏனைய மாதங்களுட் பல வறண்டவை. ஆதலின் இங்குள்ள மரங்களுட் பல, தோல் போன்ற தடித்த இலைகளையும், அவற்றின்மேல் மெழுகு பூசினாற்போன்ற மினுமினுப்பையும் உடையன. உட்கொண்ட நீர் எளிதில் ஆவியாகாமையின், கோடையிலும் இவை இலையுதிர்த்து வெறுமையாக நிற்பதில்லை. காவலர் குருந்த மரத்தின் இலையொன்றைக் கசக்கி எங்கள் கையிற் கொடுத்தார். எலுமிச்சையின் மணம் கமழ்ந்தது. அதனாற்போலும் காட்டெலுமிச்சை என்றும் அதற்கொரு பெயர் வழங்குகின்றது.

வழியிற் பெருமரங்கள் சில வேரோடு சாய்ந்து கிடந்தன. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் அடித்த வர்தாப் புயலில் வீழ்ந்தவை அவை. அப்புயலில் நகரெங்கும் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் நிழலுக்கும் அழகுக்குமாகப் பிறநாடுகளினின்று கொணர்ந்து நட்ட மயிற்கொன்றை முதலியன மிகப் பல. வீழ்ந்த மரங்களை ஏன் அப்புறப்படுத்தவில்லை என்று கேட்டதற்கு, "இதுவும் காட்டின் உணவுதான், தம்பி" என்று கூறி, காவலர் ஒரு கட்டையின் பட்டையைச் சிறிதே விலக்கிக் காட்டினார். உள்ளே கறையான்கள் நிறைந்திருந்தன. கறையானைப் பறவை உண்ணும். மட்கிய மரம் மண்ணாகும். அம்மண் மழைநீரை உறிஞ்சி நிலத்தினுள் இறக்கும்.

சற்று அப்பால் ஒரு பாறைமேற் கிடந்த எச்சத்தைக் காட்டினார். அதனுள் விதைகள் பல கிடந்தன. மரநாய் இரவில் கனியுண்டு, விதையைச் செரியாது கழித்துச் செல்லும்; நரியும் அவ்வாறே இலந்தை முதலிய கனிகளை உண்டு விதை பரப்பும். தாய்மரத்தினின்று நெடுந்தொலைவில் விழும் அவ்விதை, மழைக்காலத்தில் முளைக்கின்றது. இங்கே விதைப்பவரும் காவல் செய்பவரும் விலங்கினங்களே. அவை அகன்றால் மரங்கள் சிலகாலம் நிற்கலாம். ஆயின் அவற்றின் வழித்தோன்றல்கள் அருகிப்போம்.

புதர்க்காட்டைக் கடந்ததும், வழி திடீரென ஒரு பரந்த புல்வெளியில் எங்களைக் கொண்டுவந்து விட்டது. போலோ மைதானம் என்பது அதன் பெயர். எதிர்க்கோடியில் மான்கள் சில நின்றன. ஆண்மானின் முதுகு கருமையும் வயிறு வெண்மையுமாய் விளங்கிற்று. அதன் தலையில் இரண்டு கொம்புகள் முறுக்கிய கயிறுபோல் எழுந்திருந்தன. பெண்மான்கள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தன. எங்கள் நண்பர் ஒருவர் அவ்வெளியை நோக்கி, "இவ்வளவு நிலம் வெறுமையாகக் கிடக்கின்றதே, ஐயா! இங்கே மரம் நட்டால் என்ன?" என்றார். காவலர் நகைத்து, "மரம் நட்டால் இவை எங்கே போகும், தம்பி?" என்றார்.

அவ்வினாவின் பொருளை ஆசிரியர் விளக்கினார். வெளிமான் பகையைத் தொலைவிலேயே கண்டு, விரைந்தோடித் தப்புவது. ஒளிந்து பிழைத்தல் அதன் இயல்பன்று. ஆதலின் கண்ணுக்கு மறைப்பின்றிக் குறும்புல் வளர்ந்த திறந்த நிலமே அதற்கு அரணாம். ஆண்மான் தன் எல்லையைச் சாணக்குவியல்களால் அடையாளம் செய்து காப்பதும் அத்தகைய வெளியிலேதான். புதரும் மரமும் பெருகப் பெருக அதன் வாழ்நிலம் சுருங்கும். புதர்நிழலை விரும்பும் புள்ளிமானோ பெருகும். இவ்விரண்டும் பார்வைக்கு உறவினங்கள் போலத் தோன்றினும் வேறு வேறானவை. புள்ளிமானின் கொம்பு கிளைத்தது. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்பு கிளையற்றது. வாழ்நாள் முழுதும் உதிராதது.

தமிழ் பயிலும் எங்கட்கு ஈண்டு ஓர் உண்மை புலனாயிற்று. வெளிமான் என்னும் பெயரே, வெளியில் வாழ்வது என்று அதன் உறைவிடத்தைக் கூறுகின்றதன்றோ? தொல்காப்பியத்து மரபியல், புல்வாய் என்னும் விலங்கின் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்கள் உரியவென்று வகுக்கின்றது. இப்புல்வாயை இன்றைய வெளிமானென அறிஞர் கொள்வர். சங்கச் செய்யுட்கள் இரலையை முல்லை நிலத்தில் வைத்து, முறுக்குண்ட அதன் கொம்பைச் சிறப்பித்துப் பேசும். வகுப்பறையில் நெட்டுருச் செய்யுங்கால் இவை எங்கட்கு வெறுஞ்சொற்களாகவே இருந்தன. புல்லில் வாய் வைத்து நின்ற விலங்கை எதிரே கண்டபோது, பெயரிட்ட முன்னோர் அதன் உணவையும் இடத்தையும் எத்துணை நுணுகி நோக்கினர் என்பது விளங்கிற்று. மரம் நிறைந்ததே காடென்று நாம் கருதுகின்றோம். புல்லும் வெளியும் முள்ளும் வீழ்ந்த கட்டையும் கூடியதே காடென்பதை அவர் அறிந்திருந்தனர்.

இனி, இக்காட்டிற்கு நேரக்கூடிய கேடுகள் இருவகைய. ஒன்று உள்ளிருந்து வருவது. அயல்நாட்டினின்று வந்த சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் புல்வெளியில் ஏறிப் படர்வன. அவற்றை இடையறாது களைந்துவரல் வேண்டும். மற்றொன்று மதிலுக்கு வெளியிலிருந்து வருவது. காட்டினின்று நிலம் எடுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அதற்கு நல்லதொரு காரணம் இருந்தது. கல்விக்கூடம் வேண்டாவென மாணாக்கராகிய யாம் கூறுதல் இயலுமோ? நாட்டிற்கு உழைத்த பெரியோர்க்கு நினைவிடம் தகாதென்பார் யார்? ஆயின் நல்ல காரணங்கள் பல கூடியே 505 ஹெக்டேர் காட்டை 270 ஆக்கின என்பதை மறத்தலாகாது. கல்லூரியைப் பிறிதோரிடத்திலும் கட்டலாம். நூற்றாண்டுகளாய் விதை விழுந்து, மட்கி, வேரோடி உருவான நிலத்தை மற்றோரிடத்தில் அமைத்தல் எவர்க்கும் இயலாது. இனியும் ஒரு துண்டு கேட்கப்படுமாயின், அக்காரணத்தின் நன்மையை மட்டும் ஆராயாது, வேறிடம் உண்டோவென ஆராய்தலே அறிவுடைமையாம்.

மாணாக்க நண்பர்காள்! சென்னைக்குச் செல்லும் வாய்ப்புடையீர், உரியவரிடம் இசைவு பெற்று, இடமறிந்த காவலர் ஒருவருடன் ஒருமுறையேனும் இக்காட்டினுள் நடந்து வாருங்கள். நீர்க்குப்பியும் கூர்ந்து நோக்கும் கண்ணும் போதும், தின்பண்டம் வேண்டா. மரம் நடும் விழாக்களில் ஆர்வத்தோடு ஈடுபடுவீர், நடுமுன் அந்நிலம் யாருடைய மேய்ச்சல் வெளியென்று வினவுங்கள். புல்வாய் என்னும் சொல் நம் இலக்கண நூலில் என்றும் இருக்கும்; அவ்விலங்கும் நம் நாட்டிற் புல்லோடு இருத்தல் வேண்டும்.