மாதிரி உருவங்களில் ஒளி

கப்பல், விமானம், ரயில் நிலையம், கலங்கரை விளக்கம் ஆகியவற்றின் சிறு மாதிரிகளை அட்டையாலும் மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்து மகிழும் மாணவர் பலர் உண்டு. வடிவம் திருத்தமாக அமைந்து, வண்ணமும் பூசியானபின், அதற்கு விளக்கேற்றிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. பள்ளிப் பொருட்காட்சிகளில் இத்தகைய மாதிரிகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். விளக்கு எரியாத வரையில் உண்மைப் பொருளை நினைவூட்டி நின்ற ஒன்று, விளக்கு எரிந்தவுடன் வெறும் பொம்மையாகிவிடுவதையும் கண்டிருக்கிறேன். இதற்குக் காரணம் என்ன? ஒளியையும் உண்மை போலவே அமைக்கும் வழி யாது? இவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

விளக்கு வெளிச்சம் தருவதோடு நின்றுவிடுவதில்லை, செய்தியும் சொல்லுகிறது. கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். இரவில் எதிரே ஒரு கப்பலின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால், அதன் இடப்பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது, அது நமக்கு இடப்புறமாகச் செல்கிறது என்று மாலுமி அறிந்துகொள்வான். விமானத்தின் இறக்கை நுனிகளிலும் இதே முறைதான். மாதிரிக் கப்பலில் இவ்விரு விளக்குகளையும் இடம் மாற்றி வைத்தால், கப்பலின் முகப்பு ஒரு திசையைக் காட்ட, விளக்குகள் வேறு திசையைக் கூறும். ஆகவே, மூலப்பொருளின் விளக்கு என்ன சொல்லுகிறதோ அதையே மாதிரியின் விளக்கும் சொல்ல வேண்டும். அளவு, பிரகாசம், நிறம், காலம் ஆகிய நான்கிலும் இதைக் கவனித்தல் வேண்டும்.

முதலில் அளவு. மாதிரி ரயில்களில் பெரிதும் வழங்கும் அளவு, மூலத்தில் 87-ல் ஒரு பங்கு. இந்த அளவில் ஓர் ஆள் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரமே இருப்பான். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கின் குறுக்களவு 5 மில்லிமீட்டர். அதை 87 மடங்கு பெருக்கிப் பாருங்கள்; 43 சென்டிமீட்டருக்கும் அதிகமாகிறது! தெருக்கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய தவலையைக் கவிழ்த்தது போன்ற தோற்றம் அது. ஆதலால் வெளியே தெரியும் இடங்களில் 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள மிகச் சிறிய வகையைப் பயன்படுத்துவது நன்று. பெரியவற்றைக் கட்டடங்களின் உள்ளே மறைத்து வைக்கலாம்.

அடுத்தது பிரகாசம். எல்.இ.டி.யின் மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், அதனூடே செல்லும் மின்னோட்டம் மிக விரைவாகப் பெருகும். அதைக் கட்டுப்படுத்தாவிடில் விளக்கு கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு விளக்கோடும் தொடராக ஒரு மின்தடையைச் சேர்க்க வேண்டும். கணக்கு எளியது. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. மின்கலம் 9 வோல்ட் எனில், எஞ்சிய 6 வோல்ட்டை மின்தடை ஏற்க வேண்டும். 5 மில்லியாம்பியர் ஓட வேண்டுமானால், 6-ஐ 0.005-ஆல் வகுக்க, 1,200 ஓம் என்று விடை வரும். சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், அதற்கேற்பக் கணக்கிடுக. விளக்கின் நீண்ட கால் நேர்முனையோடு சேர வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு இவற்றை நேரடியாக இணைப்பது உயிருக்கே ஆபத்து, மின்கலமே போதுமானது.

சாதாரணச் சிறிய எல்.இ.டி.க்கு 20 மில்லியாம்பியர் வரை செலுத்தலாம் என்பதால் அவ்வளவையும் செலுத்துவோர் உண்டு. மாதிரி பொம்மையாகிவிடுவதற்கு இதுவே முதற்காரணம். சன்னலுக்குள் சூரியனைக் குடிவைத்தாற்போல் அது கண்ணைக் கூசச் செய்கிறது. நம் கண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒளியைப் பாதியாகக் குறைத்தாலும் பாதியாகக் குறைந்ததாக அதற்குத் தோன்றுவதில்லை. ஆகவே மின்தடையைச் சிறிது சிறிதாக அன்றி, மடங்கு மடங்காகவே கூட்டிப் பார்க்க வேண்டும். 1,200 ஓம் மிகுதியான ஒளி தந்தால் 3,300 ஓம், பின்னர் 10,000 ஓம் என்று மாற்றிப் பாருங்கள். மாதிரியைக் காட்டப்போகும் அறையின் வெளிச்சத்திலேயே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது நிறம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோனியாக் 1962-ல் செய்து காட்டினார். பிரகாசமான நீல எல்.இ.டி. கிடைக்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு வழிகண்ட அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் வாங்கும் வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீலமே, அதன்மேல் பூசிய ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. இவற்றுள் ஒரு வகையில் நீலச் சாயல் மிகுந்திருக்கும். பழைய காலத்து வீட்டுக்குள் அதை வைத்தால் காலமே பொருந்தாது. மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். டங்ஸ்டன் இழை விளக்கின் ஒளி 2,700 கெல்வின். இந்த எண் குறையக் குறையச் செம்மை மிகும். ஆதலால் மஞ்சள் சாயலுள்ள வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, அரிக்கேன் விளக்கெரியும் குடிசையாயின் அதன்மேல் ஒளிபுகும் ஆரஞ்சு வண்ணத்தை மெல்லப் பூசுக.

நான்காவதும் அருமையானதும் காலம். இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்கு அப்பால், கடற்பாறைமீது எடிஸ்டன் கலங்கரை விளக்கம் நிற்கிறது. இப்போதுள்ள கோபுரம் 1882-ல் ஒளிவிடத் தொடங்கியது. அதன் உயரம் 49 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் செய்தால் 49 சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு 10 வினாடியிலும் அது இருமுறை மின்னுகிறது. இருளில் கோபுரத்தின் வடிவம் தெரியாத மாலுமி, இந்தக் கால அளவைக் கொண்டே அதை எடிஸ்டன் என்று அடையாளம் காண்கிறான். அதன் மாதிரியைச் செய்து, வினாடிக்கு ஒருமுறை மின்னும்படி அமைத்தால், கல்லும் சுண்ணமும் எடிஸ்டன் என்று கூறும். ஒளியோ அதை மறுக்கும்.

இன்னொன்றும் உண்டு. இழை விளக்கு சூடேறி ஒளிவிடவும், ஆறி அணையவும் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். எல்.இ.டி.யோ மில்லியனில் ஒரு வினாடிக்குள் எரியவும் அணையவும் வல்லது. பழைய ரயில் கைகாட்டியின் விளக்கோ, பழைய மோட்டார் வண்டியின் விளக்கோ இவ்வாறு வெட்டினாற்போல் மாறுவதில்லை. இந்த மென்மையைத் தருவதற்கு ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை உதவும். அது விளக்கை வினாடிக்குச் சில நூறு முறை ஏற்றி அணைக்கிறது. அவ்வளவு விரைவான மாற்றத்தைக் கண் பிரித்தறியாது. எரியும் நேரம் குறைந்தால் ஒளி குறைந்ததாகவே கொள்ளும். இம்முறையால் ஒளியைப் படிப்படியாக எழுப்பவும் தாழ்த்தவும் இயலும்.

அடுப்புத் தீக்கும் இம்முறையே ஏற்றது. தீக்குத் தாளக்கட்டு இல்லை. ஆகவே மஞ்சள் விளக்கு ஒன்றையும் செவ்விளக்கு ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒழுங்கின்றி ஏறி இறங்குமாறு செய்க. முற்றிலும் அணையவிடல் ஆகாது; எரிகின்ற தீ நடுவே அணைந்து மீள்வதில்லை அன்றோ?

இறுதியாக, ஒளி வரக்கூடாத இடத்தில் வராமலும் காக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் உள்ளிருக்கும் விளக்கால் காகிதக்கூடு போல் ஒளிரும். சுவரின் உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசினால் இக்குறை நீங்கும். சன்னலுக்குப் பின்னே மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டினால் ஒளி சீராகப் பரவும். ஒரு வீட்டில் எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் விளக்கெரிவது அருமை. ஆதலால் சில சன்னல்களை இருளாகவே விட்டுவிடுங்கள்.

நண்பர்களே! கம்பிகளை எடுப்பதற்குமுன், ஒருநாள் அந்தி வேளையில் உங்கள் தெருவில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். எத்தனை சன்னல்களில் விளக்கெரிகிறது, எது மஞ்சள், எது வெள்ளை, தரையில் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுந்து மங்குகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அக்குறிப்பை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அதன்பின் வேலையைத் தொடங்குங்கள்.