கீழ்வீட்டுச் சீலிங்கும் மேல்வீட்டு பாத்ரூமும்

அடுக்குமாடியில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு நின்றுபோக ஒரு பாத்ரூம் போதும். கீழே சீலிங்கில் ஈரத்திட்டு தெரியும். மேலே கொத்தனார் வந்து, திட்டுக்கு நேர் மேலே உள்ள டைல்ஸைப் பெயர்ப்பார். பல நேரம் அங்கே ஒன்றுமே இருக்காது.

காரணம், பாத்ரூம் தளம் கட்டப்படும் விதம். கழிவுக் குழாய்களைப் புதைக்க கான்கிரீட்டை ஓர் அடி வரை தாழ்த்தி வார்ப்பார்கள். கட்டடக்காரர்கள் மொழியில் ‘சன்கன் ஸ்லாப்’. பள்ளத்தில் குழாய் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே பூசி டைல்ஸ் ஒட்டுவார்கள். கசியும் நீர் முதலில் இந்த ஜல்லிக்குள் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத தொட்டி அது. அப்புறம் கான்கிரீட்டில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே இறங்கும். கதவோரம் புகுந்த நீர் எதிர்மூலையில் சொட்டலாம், அதுவும் சில நாள் கழித்து.

நீர் கீழே மட்டும்தான் போகும் என்று நம்புவதும் ஏமாற்றும். 0.1 மி.மீ. ஆரமுள்ள நுண்குழாயில் நீர் தானாகவே சுமார் 15 செ.மீ. ஏறும், ஆரம் பாதியானால் உயரம் இரட்டிப்பாகும். ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718-இல் எழுதிய விதி இது. சிமென்ட் பூச்சிலும் செங்கல்லிலும் இத்தகைய நுண்துளைகள் ஏராளம். அதனால்தான் பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் அடிக்கிறது. சுவருக்குள் குழாயே இல்லாவிட்டாலும் அடிக்கும்.

ஆகவே உளியை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் இரவு பகலாக அழுத்தம் உண்டு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயும் சொட்டு குறையவே இல்லையென்றால் சந்தேகம் இந்தக் குழாய் மேல். பிளம்பரிடம் அழுத்தப் பம்ப் இருந்தால், குழாயை அடைத்து அழுத்தம் ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். கீசர் ஓடும் நாளில் மட்டும் நனைந்தால் வெந்நீர்க் குழாயின் இணைப்பைக் கவனியுங்கள். சிபிவிசி குழாய் 40 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு இரண்டரை மி.மீ. நீளும், இழுபடுவது இணைப்புகள்தான்.

குளித்தால் மட்டும் கசிகிறது என்றால் விவகாரம் தளத்திலோ கழிவுக் குழாயிலோ இருக்கிறது. இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை போதும். தளத்து நீர் வடியும் ‘நானி டிராப்’பின் வாயை இறுக அடைத்து, தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஓர் அகலத் தட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. ஆவியாதலால் இரண்டும் கொஞ்சம் குறையும். 24 மணி நேரத்தில் தளம் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் டைல்ஸ் இடுக்கோ அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சோ கெட்டிருக்கிறது. குறையவில்லையா? அடைப்பை எடுத்துத் தண்ணீரை விடுங்கள். அதற்குப் பிறகு கீழே நனைந்தால், குற்றவாளி டிராப்பின் கழுத்தோ கழிவுக் குழாயோதான். என் ஊகத்தில் கழுத்துக்கே முதலிடம்: வழவழப்பான பிவிசியும் சிமென்டும் ஒட்டாது, சூட்டில் ஒரே அளவு விரியவும் செய்யாது.

இன்னும் குழப்பமென்றால் சாயம். ஜெர்மனியில் டான்யூப் ஆற்று நீர் ஓரிடத்தில் தரைக்குள் மறைகிறது. அது எங்கே போகிறது என்று அறிய 1877-இல் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கி.மீ. தள்ளியிருந்த ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. பாத்ரூமுக்கு ஒரு சிட்டிகையே அதிகம். ஜல்லியில் பழைய நீர் தேங்கியிருந்தால் நிறம் தாமதமாகத்தான் கீழே வரும்.

அகச்சிவப்புக் கேமரா வைத்து ‘உடைக்காமல் கண்டுபிடிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் கேமராவுக்கு நீர் தெரியாது. ஆவியாதலால் குளிர்ந்த பரப்பு தெரியும். ஈரத்தின் எல்லையைக் காட்டும், மூலத்தைக் காட்டுவது அதிர்ஷ்டம்.

கீழ்ச் சீலிங்கில் வெள்ளைப் பொடி பூத்தால், சிமென்டின் கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைந்து வந்து, காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்திருக்கிறது. அது அவசரமில்லை. பழுப்புக் கறை வந்தால் தள்ளிப்போடக் கூடாது: துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து காரையைத் தள்ளும்.

பழுது சரியான பின்னும் ஜல்லியில் உள்ள நீர் சில வாரம் சொட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மறுபடி கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். பெயின்டரையும் அதுவரை கூப்பிட வேண்டாம்.