பழைய ஜீப்புக்கு வேறு முன் அச்சா? முதல்ல பல்லை எண்ணுங்க

மலைக்காட்டில் வெள்ளாமை செய்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பழைய ஃபோர்வீல் ஜீப்புக்கு முன் அச்சை மாத்திடலாமா அண்ணே?" எரு ஏற்றவும் காய் இறக்கவும் அங்கே இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. ஆட்களும் அதில்தான் வருகிறார்கள். அதனால் யோசித்துத்தான் கைவைக்கணும்.

பல வண்டிகளுக்கு மாற்றவே தேவையில்லை. வில்லிஸ் வழி வந்த ஜீப்பில் முன் சக்கரத்தை ஒட்டி உருண்டையாக ஒரு கூடு இருக்கும். அதன் சீல் தேய்ந்தால் ஆயில் கசியும். கிங்பின் பேரிங் தேய்ந்தால் ஸ்டீயரிங் உதறும். இதைப் பார்த்ததுமே "அச்சு போச்சு" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. இலையில் புள்ளி விழுந்ததும் பயிரையே பிடுங்கச் சொல்கிற மாதிரிதான் இது. முதலில் சீலையும் பேரிங்கையும் மாற்றிப் பாருங்க. வடிகிற பழைய ஆயிலை டப்பாவில் பிடிங்க, வரப்பில் விட்டுடாதீங்க.

அச்சுக்குழாய் வளைந்துவிட்டது, உள்ளே கிரவுனும் பினியனும் உடைந்துவிட்டன என்றால் மாற்றத்தான் வேணும். அப்போது பல் கணக்கு முக்கியம். இந்த ஜீப்புகளில் 43க்கு 8 பல் உள்ளதும் உண்டு, 39க்கு 8 உள்ளதும் உண்டு. முதலாவது 5.38, அடுத்தது 4.88. பின்னால் 5.38 இருக்க, முன்னால் 4.88 பூட்டினால், பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் 11 சுற்று சுற்றப் பார்க்கும். சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டால் முறுக்கேறி ஷாஃப்டோ கியரோ உடையும்.

எண்ணுவது சுலபம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, அந்த அச்சின் இரண்டு சக்கரத்தையும் தூக்கி நிறுத்துங்க. ஹப் லாக் இருந்தால் பூட்டிக்கணும். இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருதோ அதுதான் கணக்கு. ஐந்தைத் தாண்டினால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88.

டிஃபரன்ஷியல் உருண்டை பழைய அச்சில் எந்தப் பக்கமோ புதியதிலும் அதே பக்கம் இருக்கணும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் நேராகப் போய்ச் சேராது. பட்டை உட்காரும் தட்டைப் புதிதாக வெல்டு வைத்தால் பழைய சாய்வைக் கோணமானி வைத்து அளந்து வையுங்க. சாய்வு தவறினால் வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. டிஸ்க் பிரேக் அச்சாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றணும். டிரம்முக்கான பழையதை விட்டால் பிரேக் பிடித்தபடியே நிற்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதே மாடல் அச்சாகத் தேடுங்க. வேறு ரகம் என்றால் கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கங்க.

பூட்டி முடித்ததும் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்து, யூ போல்ட்டை இன்னொரு தரம் முறுக்கிட்டுத்தான் பாரம் ஏத்தணும்.