நோய்க் காப்பும் பனியன் தொழிலாளரும்

உழைப்பை மட்டுமே நம்பி வாழும் குடும்பத்துக்கு நோய் இருவகையில் நட்டம் விளைவிக்கிறது. வைத்தியச் செலவு ஒன்று. வேலைக்குச் செல்லாத நாட்களின் கூலி இழப்பு மற்றொன்று. முதலாவதை எல்லோரும் எண்ணிப் பார்க்கின்றனர். இரண்டாவதை எண்ணுவோர் சிலரே. திருப்பூரில் பீஸ் கணக்கில் கூலி பெறும் டெய்லருக்கோ, படுத்த நாளன்றே வருமானம் நின்றுவிடுகிறது. ஆகவே நோய்க் காப்பைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் சேர்த்தே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

தனி ஒருவரால் தாங்கவியலாத சுமையைப் பலர் பங்கிட்டுக் கொள்வதே இன்ஷூரன்ஸின் தத்துவம். கூட்டுறவின் தத்துவமும் அதுவே. தொழிலாளருக்கான நோய்க் காப்புச் சட்டம் ஜெர்மனியில் 1883-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. நம் நாட்டில் பேராசிரியர் அடார்கர் 1944-இல் அளித்த அறிக்கையை ஒட்டி 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரிலும் டில்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கப் பெற்றது. 1955-இல் அது கோயம்புத்தூர் மில் தொழிலாளரை எட்டியது. திருப்பூரில் 100 படுக்கைகள் கொண்ட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது.

இதில் தொழிலாளர் செலுத்துவது எவ்வளவு? 2019 ஜூலை முதல் சம்பளத்தில் நூற்றுக்கு 0.75 பங்கு தொழிலாளருடையது, 3.25 பங்கு முதலாளியுடையது. மாதம் ரூ.12,000 பெறுபவர் ரூ.90 கொடுத்தால், முதலாளி ரூ.390 சேர்க்கிறார். பெறுவது யாது? தமக்கும் தம் குடும்பத்துக்கும் வைத்தியம். அத்துடன், உரிய தகுதி பெற்றவருக்கு நோயுற்ற காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. மேற்கூறிய தொழிலாளருக்கு இது நாளொன்றுக்கு ரூ.280 ஆகும். பேறுகால உதவியாக 26 வாரச் சம்பளமும் பெண் தொழிலாளருக்கு உண்டு.

இவ்வளவு நன்மையிருந்தும் பலர் சேராமலிருப்பதேன்? பனியன் தொழிலின் அமைப்பே முதற்காரணம். நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் எனத் தொழில் பல கூறுகளாகப் பிரிந்து பல சிறு கூடங்களில் நடைபெறுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்குக் கட்டாயமில்லை. காண்ட்ராக்டரின் கீழ் உழைப்போருக்கும் உரிமை உண்டு. அவர்களுக்காகவும் முதன்மை உரிமையாளரே பொறுப்பாளி. எனினும் கையில் முழுக் கூலி கிடைத்தாற் போதுமென்று இரு தரப்பாரும் பேசாதிருந்து விடுவதுண்டு.

இரண்டாவது காரணம் இடம் மாறுதல். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள ஆறு மாதத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியவரே அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவி பெற இயலும். ஒருவர் மூன்று கம்பெனிகளில் முப்பது முப்பது நாட்களாக வேலை செய்தாரென்று வைத்துக் கொள்வோம். ஒரே இ.எஸ்.ஐ. எண்ணில் பதிந்திருந்தால் 90 நாட்கள் ஆகிவிடும், உதவி கிடைக்கும். இடத்துக்கொரு புது எண் பெற்றிருந்தாலோ எதிலும் 78 ஆகாது. செலுத்திய பணத்துக்குரிய பயன் கைக்கு எட்டாமற் போகும். ஆகவே இ.எஸ்.ஐ. எண்ணை ரேஷன் கார்டைப் போற் பேணி, புதிய இடத்தில் முதல் நாளே கொடுத்தல் வேண்டும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் தொழிலாளர் பணம் கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000-லிருந்து ரூ.1,20,000-ஆகப் பின்னர் உயர்த்தப்பட்டது. கணவனும் மனைவியும் மாதம் பத்தாயிரம் வீதம் ஈட்டினால் ஆண்டு வருமானம் ரூ.2,40,000 ஆகிவிடுகிறது. அவர்கள் சிறு கூடத்தில் வேலை செய்வோராயின் அங்கும் இடமில்லை, இங்கும் இடமில்லை. மேலும் இத்திட்டம் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. இழந்த கூலியை இது ஈடு செய்வதில்லை.

இவ்விடைவெளியில் கூட்டுறவுக்குப் பணியிருக்கிறது. கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான விவசாயிகளுக்கென 2003-இல் நடைமுறைக்கு வந்த யசஸ்வினித் திட்டம் நமக்கு நல்ல சான்று. ஆரம்பத்தில் ஆளுக்கு மாதம் 5 ரூபாய் சந்தா. அதனைக் கொண்டு அறுவைச் சிகிச்சைக்கு வழி செய்யப்பட்டது. கணக்கும் அங்கத்தினர் பட்டியலும் சங்கங்களிடம் ஏற்கெனவே இருந்தமையால், சிதறிக் கிடந்த கிராமத்தாரை ஒன்று சேர்த்தல் எளிதாயிற்று. 2018-இல் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்ட அது, 2022-இல் மீண்டும் உயிர் பெற்றது.

நம் சங்கங்களும் இதனின்று படிப்பினை பெறலாம். 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவான இடங்களிலும் உரிமையாளரும் தொழிலாளரில் பெரும்பான்மையோரும் இசைந்தால் இ.எஸ்.ஐ.-யில் விரும்பிச் சேரலாம். தறிக்கூடம் நடத்தும் அங்கத்தினர்கள் இவ்வாய்ப்பினைக் கருதுவார்களாக. ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் குடும்பங்களில் யாருக்கு எந்தக் காப்பு உள்ளது, யாருக்கு எதுவுமே இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்தல் நலம். அடுத்த மாதக் கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்கலாம்.